டேங்க் நிறைய

மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டூல்ஸ் பெட்டி மேல் சாய்ந்திருந்ததைப் பார்த்தபோது, கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். என் காரை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் அவர் அப்படித்தான் செய்வார். சைலன்சர் ஒரு உறுமல் உறுமியதும் நெஞ்சில் கையை வைத்து, கண்ணைச் சொருகி, "போறேன்டா மாப்ளே, உங்க அக்காவப் பாத்துக்கோ" என்பார். நானும் அக்காவும் சிரிப்போம். இந்த முறை எஞ்சின் ஓடவில்லை. நான் டயரை உருட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தபடி, "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கூடக் கேட்டுவிட்டேன். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. "கை மரத்துப்போச்சுடா" என்றார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வண்டி ஊரின் மறுகோடியில் இருக்கிறது, வர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றாள் ஒரு பெண், என்னவோ பார்சல் வருவதைச் சொல்வதுபோல. ஒர்க்‌ஷாப்பில் நின்ற மற்ற இரண்டு கார்களில் ஒன்றுக்கு எஞ்சின் இல்லை, இன்னொன்று ஜாக்கி மேல் நின்றது. அதனால் என்ன? ஊரிலேயே வேகமான வண்டி என்னுடையது. அடுத்த நாள் டிராக்கில் ஓட்டுவதற்காகத் தயாராக நின்றது. கடவுளாகப் பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறார் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே நம்பினேன். முட்டாள்.

அவரை ஏற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. உள்ளே இரும்புக் குழாயில் கூடு கட்டியிருக்கிறேன், உருண்டால் நசுங்காமல் இருக்க. கதவைத் திறந்தால் குறுக்கே ஒரு கம்பி. அதைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டு, தொட்டி மாதிரியான ரேஸ் சீட்டுக்குள் இறங்க வேண்டும். சீட் சாயாது. படுக்க வழியில்லை. மாமா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலிருக்கும் வீட்டிலிருந்து அடுப்பைக் கூட அணைக்காமல் ஓடி வந்த அக்கா, "நான் எங்கடா உக்கார?" என்றாள். பின் சீட்டை நான்தான் கழற்றிப் போட்டேன். எடை குறையுமாம். "ஸ்கூட்டர்ல வாக்கா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைத் திருப்பிப் பார்க்காமல் கிளம்பினேன்.

இந்த வண்டிக்கு நான்கு வருஷம் உழைத்திருக்கிறேன். கம்பெனியில் இருந்து வந்தபோது சாதாரண இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். டர்போ நான் வைத்தது. புகை வெளியே போகிற வழியில் ஒரு சின்னக் காற்றாடி. அது சுற்றினால் மறுபக்கம் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். எவ்வளவு திணிக்கிறது என்று காட்ட ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு முள். சைபருக்குக் கீழே இருந்தால் எஞ்சின் தானாக மூச்சு விடுகிறது. மேலே போனால் டர்போ ஊதுகிறது என்று அர்த்தம். எஞ்சினின் மூளையாக இருக்கிற கம்ப்யூட்டருக்கு இரண்டு கணக்குகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று தெருவுக்கு, பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலுக்கு. இன்னொன்று டிராக்குக்கு, தனியாக வாங்கும் ரேஸ் பெட்ரோலுக்கு. டிராக் கணக்கில் பங்க் பெட்ரோலை ஊற்றி மிதித்தால் எஞ்சின் தாங்காது. முந்தின நாள் சாயங்காலம்தான் டேங்க்கை வடித்து, கொஞ்சம் ரேஸ் பெட்ரோல் ஊற்றி, டிராக் கணக்கை ஏற்றியிருந்தேன். ஆக முழு பலமும் காலுக்கடியில் இருந்தது.

தெரு முனை தாண்டியதும் இரண்டாவது கியரில் மிதித்தேன். முள் எழுந்தது. கூடவே அந்தச் சத்தமும் வந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அது. என் கால் தானாகவே எழும்பிவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவன் கனவில் கேட்டால்கூட எழுந்து உட்காரும் சத்தம் அது. பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்னாலேயே வெடிக்கிறது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் பிஸ்டன் மெழுகு மாதிரி உருகி ஓட்டையாகும். ஏன்? ஏன் என்று தேடியபோது பெட்ரோல் மீட்டர் கண்ணில் பட்டது. நான் கால் டேங்க்தான் ஊற்றியிருந்தேன். முள் உச்சியில் நின்றது.

"மாமா, இதுல யாராவது பெட்ரோல் போட்டாங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார். வலிக்கு நடுவிலும் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை வந்தது. "நான்தான்... காலைல. முள்ளு கீழ கெடந்துச்சு. நீ அவசரத்துல மறந்துருவியேன்னு... பங்க்ல ரெண்டு கேன் வாங்கி... ஸ்கூட்டர்ல ரெண்டு நடை." மூச்சு விட்டுக்கொண்டு சொன்னார். "டேங்க் நெறைய ஊத்திட்டேன்டா."

நான்கு வருஷமாக ஒரு தடவை கூட டிராக்குக்கு வராதவர். தன் சலூனில் முடிவெட்ட உட்காருகிறவனிடமெல்லாம் என் காரைக் கேலி பேசியே கத்தரியை ஓட்டுகிறவர். நாளைக்குக் கடையை மூடிவிட்டு வருவதாக முந்தாநாள்தான் சொல்லியிருந்தார். கேனைத் தூக்கித் தூக்கி ஊற்றியதால்தான் நெஞ்சு... அந்த நினைப்பைப் பாதியிலேயே பிடித்து நிறுத்தினேன். "ரொம்ப நல்லது மாமா" என்றேன்.

தெருக் கணக்கை மாற்றி ஏற்றினால் தீர்ந்தது. லேப்டாப் ஒர்க்‌ஷாப் மேஜையில் இருந்தது. திரும்பிப் போய் எடுத்து, ஒயரைச் சொருகி, ஏற்றி முடிப்பதற்குள் ஊர்ந்தே போய்விடலாம். ஊர்ந்துதான் போனேன். முள் சைபரைத் தாண்டக் கூடாது. அது மட்டும்தான். சமதரையில் சமாளித்தேன். ஆஸ்பத்திரிக்கு ஏற்றம் ஏற வேண்டும். டர்போவுக்காக அமுக்கத்தைக் குறைத்துக் கட்டிய எஞ்சின், டர்போ ஊதாதபோது கம்பெனியில் இருந்து வந்ததைவிட சோப்ளாங்கி. இதை நான் என் வாடிக்கையாளர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வேன். மேலே போனால் பறக்கும் சார், கீழே கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான் என்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருந்தது.

ஏற்றத்தில் சிமெண்ட் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. பின்னாலேயே பள்ளிக்கூட வேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். இல்லையென்றால் தாழ்வாகக் கட்டிய வண்டியின் அடிவயிறு உரசி நின்றுவிடும். பைக்கில் இரண்டு பையன்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார்கள். பின்னால் இருந்தவன் போனைத் தூக்கிப் பிடித்தான். "அண்ணா, ஒரே ஒரு தடவ மிதிங்கண்ணா! சத்தம் மட்டும் கேக்கணும்!" வழியை விடுங்கடா என்று கத்தினேன். அவர்கள் அதையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"ஏன்டா மெதுவா போற?" என்றார் மாமா.

"ரோடு சரியில்ல மாமா."

"ரோடு நல்லாத்தான இருக்கு."

பெட்ரோலால்தான் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். புரிந்துவிடுமே என்றுதான் சொல்லவில்லை. நெஞ்சுவலியோடு உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம், உங்கள் அன்புதான் மாமா உங்களை ஆஸ்பத்திரிக்குப் போக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? வண்டி மட்டமானது, அதைக் கட்டிய நான் மட்டமானவன் என்று நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஒரு தடவை மிதித்துப் பார்க்கலாமா என்று கால் துடித்தது. தாங்கினாலும் தாங்கும். தாங்காவிட்டால் நடு ஏற்றத்தில், ஒரு வீடும் இல்லாத வளைவில், புகை கக்கிக்கொண்டு நிற்போம். அப்படி நின்ற வண்டிகளை நான் எத்தனை பிரித்துப் பார்த்திருக்கிறேன்! அவசரப்பட்டவர்களை எத்தனை திட்டியிருக்கிறேன்! லேசாக அழுத்தினேன். முள் சைபரைத் தொட்டது. உள்ளே ஒரு கூழாங்கல் உருண்டது. எடுத்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அக்கா. ஹெல்மெட் இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்து உள்ளே குனிந்து பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

"ஏன்டா நின்னுட்டே? போடா! ஓட்டுடா பாவி!"

"முடியலக்கா! நீ முன்னாடி போ! வழி எடுத்துக் குடு!"

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் எங்களைத் தாண்டிப் போனாள். காய்கறி வாங்கப் போகிற அந்தப் பழைய ஸ்கூட்டர், என் காரைத் தாண்டி ஏற்றத்தில் ஏறிப் போனது.

மாமா உதட்டைக் கோணினார். சிரிப்புதான் அது. "உங்க அக்கா... முந்திட்டாடா."

"ஆமா மாமா. பேசிக்கிட்டே இருங்க. திட்டுங்க என்னை."

"கடையில எல்லார்கிட்டயும்... என் மச்சான் வண்டி ராக்கெட்டுன்னு..." முடிக்கவில்லை. அவர் கை சீட்டின் விளிம்பிலிருந்து நழுவி, கியர் மேல் இருந்த என் கைமீது வந்து விழுந்தது. சில்லென்று இருந்தது.

"மாமா! மாமா, ஏதாவது பேசுங்க!"

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "நாளைக்கு... பெட்ரோல் பத்துமாடா?"

"பத்தும் மாமா. வழிய வழிய இருக்கு."

ஏற்றத்தின் உச்சியில் நாலு ரோடும் சேருகிற இடம். அதற்கு அப்பால் ஆஸ்பத்திரியின் மேல்மாடி தெரிந்தது. சிக்னல் சிவப்பாக இருந்தது. அக்கா ஸ்கூட்டரை நடுரோட்டில் குறுக்கே சாய்த்துப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, மோதும் தூரத்தில் நின்ற ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நின்றாள். எல்லாப் பக்கமும் ஹாரன். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. எங்களையே பார்த்து, வா வா என்று கையை வீசினாள். நான் மாமாவின் கையைத் தள்ளிவிடாமல் அதோடு சேர்த்தே கியரைக் குறைத்தேன். முள் சைபருக்குக் கீழே மயிரிழையில் நடுங்கிக்கொண்டிருக்க, அவள் திறந்துவைத்த வழியில், நடந்து போகிறவன் வேகத்தில், ஏறிக்கொண்டிருந்தோம்.