நின்ற இடம், மேய்ந்த இடம்

1996 மாசி மாதம் இரண்டாவது வாரத்திலிருந்து, மைசூருக்குத் தெற்கே நஞ்சன்கூடு சாலையை ஒட்டிய கம்பிவேலிக்குள் நின்றுகொண்டிருந்த சித்தையனின் பன்னிரண்டு செம்மறிகளில் ஏழு மேல்கோட்டையிலும், நான்கு ஸ்ரீரங்கப்பட்டணத்து வாய்க்கால் கரையிலும், ஒன்று தேவராஜ மார்க்கெட்டிலும் மேய்ந்துவந்தன. வேலி எங்கும் அறுபடவில்லை. கதவுப் பூட்டுக்கு ஒரே சாவி, அது சித்தையனின் இடுப்பில் இருந்தது. இதை முதலில் கண்டுபிடித்தவள் சொர்ணலதா. முதலில் நம்பாதவளும் அவள்தான்.

சொர்ணலதாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். மாலை ஆறு மணிக்கு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வகுப்பு, பகலில் ஆடுகளுக்கு ரேடியோ கட்டும் ஒரு திட்டத்தில் தற்காலிக வேலை. ஆட்டின் கழுத்தில் ஒரு தோல்பட்டை, அதில் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா. ஒவ்வொன்றும் தனித்தனி அலைவரிசையில் 'பீப்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். மேய்ச்சலுக்குப் போகும் ஆடு எவ்வளவு தூரம் போகிறது, எங்கே தொலைகிறது என்று பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு. திறந்த காட்டில் விடுவதற்கு முன் எட்டு மாதம் நான்கு ஏக்கர் வேலிக்குள் வைத்துச் சோதிக்கவேண்டும் என்று திட்ட அதிகாரி வைத்யநாதன் முடிவு செய்திருந்தார். ஹனூர்ப் பக்கத்துக்காரரான சித்தையன் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அவர் மேய்த்துவந்த இடங்களிலெல்லாம் வீட்டுமனைக் கற்கள் முளைத்துவிட்டதுதான். தீவனத்துக்கு ஆபீஸ் பொறுப்பு என்றார்கள். பட்டைகள் பெட்டியோடு கொட்டகைக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் சொர்ணலதா வேலையில் சேர்ந்தாள். அந்தப் பத்து நாளைப் பற்றி அவள் யாரையும் கேட்கவில்லை.

வேலை எளிது. ரிசீவரின் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டி, ஏரியலைக் கையில் பிடித்து மெல்லச் சுற்றவேண்டும். எந்தத் திசையில் சத்தம் அதிகமோ அதைத் திசைகாட்டியில் பார்த்துக் குறிக்கவேண்டும். தண்ணீர்த் தொட்டி, செங்கல் சூளை, சாலை வளைவு என்று மூன்று இடங்களிலிருந்து இப்படிக் குறித்து, வரைபடத்தில் மூன்று கோடு போட்டால் அவை சேரும் புள்ளியில் ஆடு இருக்கும். முதல் நாள் கெம்பி என்ற செந்நிற ஆடு நாலடி தூரத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கெம்பியை நோக்கி ஏரியலைப் பிடித்தால் சத்தமே இல்லை. வடக்கே திருப்பினால் காது கிழிந்தது. சொர்ணலதா நோட்டில் 'என் தவறு' என்று எழுதிவிட்டு மறுபடி செய்தாள். பிறகு 'திசைகாட்டியின் தவறு' என்று எழுதி வேறு திசைகாட்டி வாங்கினாள். கோடுகள் மைசூர் வரைபடத்தைத் தாண்டி மேசைமேல் போனதால் பக்கத்து மாவட்டத்தின் வரைபடமும் வாங்கி ஒட்டினாள். கோடுகள் மேல்கோட்டைக் குளத்தின் படிக்கட்டு ஓரத்தில் சேர்ந்தன. டப்பாவின் சத்தம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் எட்டாது என்று கையேட்டில் இருந்தது. மேல்கோட்டை ஐம்பது கிலோமீட்டர்.

"ஏனுங் அம்மிணி, அதுல ஞாயித்துக்கெழம படம் வருமுங்களா?" என்றார் சித்தையன்.

"படம் வராதுங்க. ஆடு எங்க இருக்குன்னு சொல்லும்."

"இதா இங்கதான நிக்குது. அதுக்கு இத்தன பெரிய குச்சியா?" என்றாள் அவர் மனைவி மாரக்காள். மார்க்கெட்டில் கீரைக்கூடை வைத்திருப்பவள். யாருக்கும் சலுகை தரமாட்டாள்.

பங்குனியில் நான்கு ஏக்கர் புல்லும் தீர்ந்தது. ஆபீஸ் தீவனம் நின்றுபோய், அடுத்த மாதம் வரும் என்ற கடிதம் மட்டும் ஒழுங்காக வந்தது. ஆடுகள் வெறும் செம்மண்ணில் நின்று, இல்லாத எதையோ தலைகுனிந்து மென்றுகொண்டிருந்தன. சனிக்கிழமை தோறும் கொக்கித் தராசில் நிறுத்தபோது எடை ஏறிக்கொண்டே போனது. எட்டாம் நம்பர் ஆட்டின் வாயில் கொத்தமல்லி மணத்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் மேய்ந்த நான்கின் குளம்புகளிலும் ஈர வண்டல் ஒட்டியிருந்தது. சொர்ணலதா ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதினாள்; எழுத எழுத அவளுக்கு எழுதியதன்மேல் இருந்த நம்பிக்கை குறைந்தது.

வைத்யநாதன் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, கருவி பழுது, எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுவா என்றார். பன்னிரண்டு பட்டைகளையும் சாக்கில் போட்டு அவள் கொண்டுபோனாள். ஆபீஸ் மேசையில் அவை மேசையில் இருப்பதாகவே பன்னிரண்டு குரலில் சொல்லின. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் ஒரு வாரம் மேசையிலேயே கிடந்தன. அந்த ஒரு வாரத்தில் ஆடுகள் தலைக்கு இரண்டு கிலோ இளைத்தன. சினையாக இருந்த கெம்பி எழுந்து நிற்கவில்லை. மாரக்காள் கூடையில் மிஞ்சிய கீரைத் தண்டெல்லாம் கொண்டுவந்து போட்டாள். அது ஒரு வாய்க்குக்கூடக் காணவில்லை.

"பட்டை இருந்தவரைக்கும் தின்னுச்சு. கழட்டுன நாள்லருந்து பட்டினி. டவுன்ல படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியலையா? இந்தப் பன்னண்டும் போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் கல்லுச் சொமக்கத்தான் போகோணும்" என்றாள் அவள்.

சொர்ணலதா ஆபீசுக்கு ஓடினாள். கருவியில் பழுது இல்லை என்பதால் வைத்யநாதன் பட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு முறை இப்படி ஒரு திசை வந்தால் எல்லாவற்றையும் விற்றவர்களுக்கே அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார். பட்டை கட்டிய மறுநாள் காலை கெம்பியின் கடைவாயில் பச்சைப் புல் தொங்கியது. ஏரியல் வடக்கையே காட்டியது.

சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் ரிசீவரைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு மேல்கோட்டை பஸ் ஏறினாள். குளத்தருகே ஹெட்ஃபோனைக் காதில் வைத்ததும் ஏழு பீப்பும் பக்கத்திலேயே கேட்டன. ஆடு ஒன்றுகூட இல்லை. பாறை இடுக்கில் புல் நுனிகள் மட்டும் 'கறுக் கறுக்'கென்று தாமாக அறுபட்டு மறைந்துகொண்டிருந்தன. படியில் புடவை உலர்த்திக்கொண்டிருந்த ஆண்டாள் என்ற அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டிம்மா, இதெல்லாம் உங்காத்து ஆடா? கண்ணுல படறதில்லே, கால்ல இடிக்கறது. புல்லைத் தின்னா தின்னுட்டுப் போறது. எங்காத்துத் துளசியை ஏன் திங்கணும்?"

"எப்பலேர்ந்து மாமி?"

"அந்தத் தலப்பாக்காரர் வந்துட்டுப் போனதுலேர்ந்து. இந்தப் புதர்ல ஏழு தோல்பட்டையை மாட்டிட்டு ஒரு பகல் பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தார். என்னன்னு கேட்டேன், ஆடு வரும்னார். பட்டையை எடுத்துண்டு போயிட்டார். ஆடு வந்துடுத்து."

சொர்ணலதா பட்டியின் விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, துளசிக்காக மன்னிப்பும் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். சித்தையன் எதையும் மறைக்கவில்லை. புது மேய்ச்சலுக்குப் போகுமுன் மந்தைக்கு முன்னே போகும் ஆட்டின் கழுத்து மணியை அந்த இடத்தில் ஒரு நாள் மாட்டிவைத்து எடுத்துவருவது அவர்கள் வழக்கம். மேய ஏதாவது இருக்கும் இடத்தை மணி பார்த்துவிட்டால் மந்தை தானே அங்கே போகும். பெட்டியில் வந்தவற்றை அவர் விலை உயர்ந்த மணி என்று நினைத்தார். ஏழு பட்டைகளை மேல்கோட்டைக்கும் நான்கை வாய்க்கால் கரைக்கும் கொண்டுபோனார். எட்டாம் நம்பரை மாரக்காள் தெரியாமல் கீரைக்கூடையோடு மார்க்கெட்டுக்குத் தூக்கிப் போய், அன்றெல்லாம் தராசுக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தாள்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே அம்மிணி. குச்சிதான் எல்லாத்தயும் சொல்லும்னீங்க."

காரணம் தெரிந்த பிறகு அவளுடைய குழப்பம் இரண்டு மடங்கானது. உண்மையை எழுதினால் பட்டைகள் போய்விடும், ஆடுகள் சாகும். அதனால் ஆபீஸ் பதிவேட்டில் பன்னிரண்டுக்கும் 'பட்டி' என்று எழுதினாள். டிப்ளமோ நோட்டின் பின்பக்கத்தில் உண்மையான திசைகளை எழுதிவைத்தாள். ஆனால் ஆடுகள் பட்டியில்தான் நின்றன, கண்ணால் பார்க்கிறாள். அப்படியானால் எது பொய்? இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. வகுப்பில் விடைகளை எழுதி, அடித்து, அடித்ததையே மறுபடி எழுதினாள். ஒருநாள் கண்டக்டர் எங்கே ஏறினீர்கள் என்று கேட்டபோது, அவளால் உடனே சொல்ல முடியவில்லை.

ஆனி மாதத்தில் வைத்யநாதன் ஜீப்பில் நேரில் வந்தார்.

"ரெண்டு மாசமா பன்னிரண்டும் ஒரே இடம். செத்த ஆடுகூட இவ்வளவு ஒழுங்கா நிக்காதும்மா. எழுதினது நீயா, கார்பன் பேப்பரா?"

அவர் ஹெட்ஃபோனைத் தாமே மாட்டிக்கொண்டார். ஏரியலை ஒரு முழுச் சுற்று சுற்றினார். எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. சொர்ணலதா பையிலிருந்து டிப்ளமோ நோட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு, பட்டைகளைக் கழற்று, நாளைக்கே அனுப்பவேண்டும் என்றார். சித்தையன் கெம்பியின் முன்னால் போய் நின்றார். "வலி கண்டிருக்குதுங்க சாமி. பெத்துக்கட்டும். நாளைக்குக் காலம்பற நானே கழட்டித் தாரேன்."

நாலு பேரும் பார்த்திருக்க, அந்தப் பிற்பகலில் கெம்பி படுத்தது, முக்கியது, எழுந்தது. வயிறு வற்றிவிட்டது. குட்டி இல்லை. கெம்பி திரும்பி நின்று வெறும் தரையை நக்கியது. பிறகு ஒரு அடி மேலே, காற்றை நக்கியது. மாரக்காள் ஆட்டின் அடியில் கைவிட்டுத் தேடினாள். வைத்யநாதன் பேனாவால் வைக்கோலைக் கிளறினார். யாரும் தொடாமலே மடி வற்றியது, சிறிது நேரத்தில் மறுபடி நிறைந்தது. அவர் எதுவும் எழுதாமல் ஜீப்பில் ஏறிப் போனார்.

மறுநாள் காலை அதே சட்டையோடு, கையில் திருப்புளியோடு வந்து சேர்ந்தார். சித்தையன் சொன்ன சொல் மாறாமல் முதல் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது சாலையில் பஸ் நின்று, ஆண்டாள் ஒரு பூக்கூடையோடு இறங்கினாள். கூடைக்குள் நனைந்த பழுப்பு நிறத்தில் குட்டி.

"விலாசம் இதுதானே? நேத்திக்குப் படிக்கட்டுல பொறந்திருக்கு. தாயாரைக் காணோம். இது பாட்டுக்கு வெறும் காத்துல வாயை வெச்சுண்டு குடிக்கறது, கடைவாயெல்லாம் பால். கண்டக்டர் இதுக்கும் அரை டிக்கெட் போட்டுட்டான், பாவி."

குட்டியை இறக்கிவிட்டதும் அது நேரே கெம்பியிடம் போனது. கெம்பி புதிதாக எதுவும் பார்த்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. வைத்யநாதன் அரை டிக்கெட்டை வாங்கிப் படித்தார். மேல்கோட்டை என்று அச்சாகியிருந்தது, தேதியும் சரியாக இருந்தது. திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டார். பதிவேட்டை வாங்கி, ஸ்கேல் கேட்டு, 'இடம்' என்ற கட்டத்துக்குள் நேராக ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் 'நின்ற இடம்' என்றும் வலப்பக்கம் 'மேய்ந்த இடம்' என்றும் எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டார். அரை டிக்கெட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டச் சொன்னார்.

பதிமூன்றாவது பட்டை வேண்டும் என்று அவர் எழுதிய கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் 'குட்டி' என்று மட்டும் இருந்தது. பட்டை ஆவணியில் வந்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தத் திட்டம் நடந்தது. தலைமை அலுவலகம் கேட்ட ஒரே விளக்கம், இரண்டு கட்டங்களும் ஏன் ஒரே அகலத்தில் இல்லை என்பதுதான். மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டு குறைந்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் மாரக்காள்மேல் பாயத் தொடங்கினார்கள்; அவள் திருப்பிப் பாய்ந்தாள்.

பதிமூன்றாவது பட்டையைச் சித்தையன் மேல்கோட்டைக்கு எடுத்துப் போனபோது, எந்தப் புதரில் மாட்டலாம் என்பதை ஆண்டாள் கூடவே நின்று காட்டினாள். மறுநாள் அதைக் குட்டியின் கழுத்தில் கட்டினார்கள். சொர்ணலதா தண்ணீர்த் தொட்டியில் ஒரு முறை, சூளையில் ஒரு முறை, சாலை வளைவில் ஒரு முறை ஏரியலைத் திருப்பினாள். மூன்று கோடும் சேர்ந்தன. பதிமூன்றாம் எண், நின்ற இடம் பட்டி, மேய்ந்த இடம் மேல்கோட்டை, துளசி மாடத்துக்கு இருபது அடி வடக்கே என்று எழுதினாள். இந்த முறை எழுதியதை அடிக்கவில்லை. ஆறு மணி வகுப்புக்கு நேரமாகிவிட்டதால், பேனாவை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.