பன்னிரண்டாவது எலும்பு

வீட்டுக்காரர் இறந்த ஏழாம் நாள் பூசை முடிந்து வந்து நான் சூப்பை அடுப்பில் வைத்தபோது, பட்டறையில் அவரோடு வேலை பார்த்த செரஃபிம் ஒரு தட்டைக் கொண்டுவந்தான். பன்னிரண்டு வெள்ளி இதயங்கள். வெறும் வெளிச்சட்டம்தான். எங்கள் ஊர் கொண்டோமாரில் அதற்கு எலும்பு என்று பேர். எலும்பு வளைப்பது ஆண்கள் வேலை, பட்டறையில். உள்ளே மயிரிழைக் கம்பியைச் சுருட்டி அடைப்பது பெண்கள் வேலை, வீட்டில். முப்பத்தோரு வருடம் என் வீட்டுக்காரர் அபீலியோ வளைத்தார், நான் அடைத்தேன்.

"அண்ணன் கடைசியா வளைச்சது இதுதாங்கக்கா. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி. சூப் குடிக்கிறியா?" என்றேன்.

அவன் போனதும் தட்டை மேசைக்கு இழுத்து, இழை அடைக்கும் சாமண இடுக்கியை எடுத்தேன். நாத்தனார் ஹெர்மீனியா கறுப்புச் சால்வையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் பொடி வைத்துப் பேசுகிறவள், அன்று நேராகவே கேட்டுவிட்டாள். "கல்லறையிலயும் அழல, பூசையிலயும் அழல. அதுக்குள்ள சாமணத்தைக் கையில எடுத்துட்டீங்களா அண்ணி?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகை வராததற்கு நான் என்ன செய்ய? பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உள்ளே எல்லாம்.

பதினோரு எலும்பும் ஒன்றுபோல இருந்தன. பன்னிரண்டாவதில் இடது மடல் மட்டும் சரிந்து தொங்கியது. பட்டறையில் அவர் சுருண்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் வளைத்தது. கை அப்போதே சொல்பேச்சு கேட்கவில்லை போலிருக்கிறது. அதைத்தான் முதலில் எடுத்தேன். ஓரத்தில் செதில் சுருள், நடுவில் நத்தைச் சுருள். சரிந்த பக்கம் இழையை விழுங்கிக்கொண்டே இருந்தது. மற்ற பதினொன்றோடு இதுவும் யார் கண்ணிலும் படாமல் போய், எவள் கழுத்திலாவது தொங்கினால் போதும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் செரஃபிம் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

"அக்கா, இது கோணல். அண்ணன் பேரு கெட்டுப்போகும். எலும்பை உருக்கப் போட்டுடறேன். நீங்க இழையைக் கொட்டிக் குடுத்துடுங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. பற்றாசுப் பொடி தூவி நெருப்புக் காட்டும்வரை இழைகளுக்கு ஒட்டு ஏதும் கிடையாது. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதோடு சரி. எப்பேர்ப்பட்ட கைகாரி அடைத்ததும் கவிழ்த்துத் தட்டினால் உதிர்ந்துவிடும். நானே எத்தனையோ கொட்டியிருக்கிறேன்.

ஹெர்மீனியா கைக்குட்டையை மேசையில் விரித்தாள். இதயத்தை விளிம்பில் பிடித்துக் கவிழ்த்து விரலால் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. சாமணத்தின் முதுகால் தட்டினேன். ஒரு செதில்கூட அசையவில்லை.

"கொஞ்சம் பலமா தட்டுங்கக்கா."

சாமணத்தை மறுபடி ஓங்கினேன். என் மணிக்கட்டை ஹெர்மீனியா பிடித்துக்கொண்டாள்.

"தட்டாதீங்க அண்ணி."

செரஃபிம் தட்டை எடுக்கவுமில்லை, போகவுமில்லை. கவிழ்ந்த இதயம் என் விரல்களுக்கிடையில் அப்படியே இருந்தது. அதன் கீழே கைக்குட்டை வெறுமனே விரிந்து கிடந்தது.