சின்னராசாவைத் தூக்கிய தாங்கி

என் வீட்டுக் கக்கூசுத் தாங்கி ஒரு மனிதனைத் தென்னை உயரத்துக்குத் தூக்கி, அங்கேயே இளநீரும் குடிக்கவைத்து, பத்திரமாகக் கீழே இறக்கியது. முரசுமோட்டையில் இதை நம்பாத ஒரே ஆள் சின்னராசா. தூக்கப்பட்டவரும் அவர்தான்!

சண்டை நின்று கண்டிப் பாதை திறந்த மறு வருடம், ஐப்பசி மாதம். என் மனைவி கமலாசனிக்கு முழங்கால் மடங்காது. குந்தியிருக்க ஏலாமல் வவுனியாவில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டா. "கதிரை மாதிரி இருக்கிற கக்கூஸ் வந்தாத்தான் நானும் வருவன்" என்பது அவாவின் கடைசிச் சொல். தபால் கந்தோரில் ஓய்வுபெற்றதிலிருந்து எனக்குச் சண்டை பிடிக்கவும் வீட்டில் ஆளில்லை. விடுவேனா? கொமட் ஒன்றும், கழிவு சேர மண்ணுக்குள் புதைக்கிற, யானைக்குட்டி அளவான கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றும் லொறியில் வந்து இறங்கின. வெள்ளி பின்னேர பஸ்ஸில் வருவதாக அவா சொல்லியனுப்பினா.

வெள்ளி காலை தாங்கியைக் குழிக்குள் இறக்கினோம். சின்னராசா என் மச்சான், கமலாசனியின் தமையன். தாங்கிக்குள் தலையைவிட்டு, பழந்துணியால் உட்புறத்தைத் துடைத்தார்.

"மச்சான், தண்ணி நிரப்பிப்போட்டு மண் போடச் சொல்லி கடைக்காரன் சொன்னவன்" என்றேன்.

"அவனுக்கு விசர். கக்கூசுக்கு ஆரும் நல்ல தண்ணி ஊத்துவினமே?"

மத்தியானம் வானம் பிளந்தது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு குழிக்குள் பாய, தாங்கி ஒருமுறை ஆடியது.

"மச்சான், எழும்புது!"

"உமக்குக் கண் பூஞ்சல். நான் ஏறி நிக்கிறன், எப்பிடி எழும்புதெண்டு பாப்பம்!"

குடையோடு ஏறினார். தாங்கியும் ஏறியது. குடை வேலிக்கு மேலே தெரிந்தது, கூரைக்கு மேலே தெரிந்தது, எங்கோ தொலைவில் பூநகரியில் நின்றவர்களுக்கும் தெரிந்தது! தென்னை வட்டுக்குள் கையைவிட்டு ஒரு இளநீரைப் பிடுங்கிக் குடித்துவிட்டுத்தான் மச்சான் கீழே பார்த்தார்.

"ஐயோ, இறக்குங்கோ!"

கமலாசனியின் பஸ் வரப்போகிறது. தாங்கி இப்படியே மிதந்தால் கொமட்டுக் குழாயை எங்கே பூட்டுவது? அவா படலையோடு திரும்பிவிடுவா. ஓடிப்போய் மச்சான் வயலுக்குத் தண்ணி இறைக்கிற பம்பையே கொண்டுவந்தேன். ஒரு குழாயைக் குழிக்குள் போட்டேன், மற்றதை அவருடைய இரண்டு காலுக்கும் நடுவால் தாங்கியின் வாய்க்குள் விட்டேன்.

"கொட்டுற மழைக்குள்ள தண்ணி இறைக்கிறான், விசரன்!" என்று மேலே நின்று கத்தினார்.

குழி வற்ற வற்றத் தாங்கி நிரம்பியது. நிரம்ப நிரம்பச் சின்னராசா, குடை மடங்காமல், சுவாமி தேரால் இறங்குவதுபோல இறங்கினார். குழாயைப் பூட்டி, மண்ணைத் தள்ளி நிமிர, படலையில் கமலாசனி! நேரே கக்கூசுக்குள் போனா. நெடுநேரத்துக்குப் பிறகு வெளியே வந்தா.

"என்ர பையை உள்ளுக்கு வையுங்கோ. இனி ஒரு இடமும் போகமாட்டன்."

நான் சேற்றுக்குள் நின்று ஆடினேன்.

சின்னராசாவோ சந்தியெல்லாம், "அது எழும்பேல்லை, இந்தாளின்ர புளுகு" என்று கதைத்துத் திரிந்தார். அடுத்த மாரியில் அவர் வீட்டிலும் தாங்கி இறங்கியது. பார்க்கப் போனேன். பரந்தன் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வேலையாள் துணியோடு தாங்கிக்குள் தலையை விட்டான்.

"துடையாதை! கிணத்துத் தண்ணியை நிரப்பு, கெதியா!" என்று மச்சான் பாய்ந்தார்.

"கக்கூசுக்கு நல்ல தண்ணியே ஐயா?"

சின்னராசா என்னைப் பார்த்தார். நான் தென்னை வட்டைப் பார்த்தேன்.

"ஓமடாப்பா, இந்தாளின்ர தாங்கி போன வருசம் என்னைக் குடையோட தூக்கினது!"