பேச்சும் கதையும்

எழுபத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில், மெல்பேணுக்குக் கிழக்கே, த பேசின் என்ற புறநகரில் இருந்த முதியோர் இல்லத்தில் சிவனேஸ்வரிக்கு ஓர் ஐயம் முளைத்தது. முதியோர் பணியிலேயே தன் வாழ்நாளைக் கரைத்த மூத்த தாதி அவள். உடல் தளர்ந்தோர்க்குச் செய்யும் தொண்டைத் திருக்கோயில் தொண்டாக எண்ணுபவள். அதில் மாசு படியப் பொறாள்.

அவள் ஐயுற்றது ராதாவை. மதுரையிலிருந்து வந்து, தற்காலிகமாகச் சேர்ந்திருந்த உதவித் தாதி. பக்கவாதத்தில் வாய்மொழி இழந்த யாழ்ப்பாணத்துக் கதிர்காமநாதனுக்கு உணவூட்டுவது ராதாவின் பொறுப்பு. ஊட்டும்போது அறைக்கதவைச் சாத்திவிடுகிறாள். சாத்திய கதவுக்குப் பின்னே வாயற்ற முதியவர்க்கு என்னவெல்லாம் நேரக்கூடும் என்பதைத் தொழிலில் பழுத்தவர்கள் அறிவார்கள். சிவனேஸ்வரி அவர் கைகளைப் புரட்டிப் பார்த்தாள், கன்றல் இல்லை. காதுமடலின் பின்னும் பார்த்தாள். அங்கும் இல்லை. ஆனால் அன்று மதியம் ராதா வெளியேறியதும் உள்ளே போனவள், அவர் கன்னத்தில் கண்ணீர்த் தடம் கண்டாள்.

நேரே குசினிக்குப் போனாள். ராதா கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ராதா, உண்மையைச் சொல்லும். நீர் அந்த ஐயாவைப் பேசினனீரோ?”

“ஐயாகிட்டயா? ஆமா சிஸ்டர், பேசினேன்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“தினமும்தான். பேசாம ஊட்டினா ஒரு வாய் இறங்காது. இன்னைக்குக் கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன். அழுதுட்டார், பாவம்.”

“அதுக்குத்தான் கதவைச் சாத்தினனீரோ?”

“பின்ன? திறந்து வச்சா பக்கத்து ரூம் கிழவி, சத்தம் சத்தம்னு உயிரை வாங்குறா!” ராதா சிரித்தாள்.

“செய்யிறதையும் செய்துபோட்டுச் சிரிப்பு வேறையோ?”

அவள் விழித்து நிற்க, சிவனேஸ்வரி இல்லத் தலைவியான மேட்ரனிடம் விரைந்தாள். அந்தப் பெண் நோயாளியை நாள்தோறும் ஏசுகிறாள், தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள் என்றாள். மேட்ரன் தயங்கவில்லை. அன்று மாலையோடு ராதாவுக்கு வேலை இல்லை.

சிவனேஸ்வரி ஆறுதல் சொல்லத் திரும்பி வந்தாள். “இனிப் பயப்பிடாதேங்கோ ஐயா. உங்களைப் பேசின பிள்ளையை நிப்பாட்டியாச்சு.”

முதியவரின் தலை இடமும் வலமும் ஆடியது. வலுவிருந்த கையால், தான் அமர்ந்திருந்த கதிரையின் கைப்பிடியை அறைந்தார். உதடு கோணிக் கோணிப் போராடி, ஒரு சொல்லைக் கொணர்ந்தது.

“க… கதை… கதைக்கிறவ.”

சிவனேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஊரில் ஒருவரைப் பேசுவதென்றால் திட்டுவது, உரையாடுவது கதைப்பது. ராதாவின் ஊரிலோ பேச்சு வெறும் பேச்சுதான். எந்த மருத்துவராலும் எழுப்ப முடியாத அந்த நாக்கு, இப்போது ராதாவுக்காகச் சாட்சி சொல்லியிருந்தது.

மீண்டும் மேட்ரனிடம் ஓடினாள்.

“சற்றுமுன் ஒப்புக்கொண்டாள் என்றாய். இப்போது சொல்லில் பிழை என்கிறாய். உன் நாட்டுக்காரி என்று மூடி மறைக்கிறாயா?”

“அவள் இந்தியா. நான் இலங்கை, மேட்ரன்.”

“எனக்கு எல்லாம் ஒன்றுதான்.” மேட்ரனின் கூரிய பார்வை இப்போது இவள்மேல் படிந்தது. ராதாவை நிறுத்தும் முடிவை மட்டும் கைவிட்டு, அவளை எதிர்க்கட்டடத்துக்கு மாற்றினார். அந்த முதியவர் பக்கம் அவள் தலைகாட்டலாகாது என்றும் கட்டளையிட்டார்.

பையோடு நின்ற ராதாவிடம் சிவனேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சிஸ்டர்.”

“கேட்டனான், பிள்ளை. என்ரை பாஷையிலை கேட்டுப்போட்டன்.”

ராதா பையைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கட்டடத்துக்கு நடந்தாள்.

மாலை உணவை ஊட்டச் சிவனேஸ்வரியே அமர்ந்தாள். கரண்டி உதட்டருகே போயிற்று, உதடு திறக்கவில்லை. மருந்தும் படுக்கைப் புண்ணும் தவிர, இத்தனை ஆண்டுகளில் எந்த நோயாளியிடமும் என்ன கதைத்தோம் என்று யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

“ஐயா… நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசிலை, பஸ் மாறி ஏறிப் பட்ட பாடு தெரியுமோ?”

முதியவர், இவள் எதற்கு அடி போடுகிறாள் என்பதுபோல் உற்றுப் பார்த்தார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை.