கட்டிவைத்த புத்தகத்தில் வெள்ளை விரல்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீங்கான் செய்முறை பற்றிய பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்தபோது, ஒரு பக்கத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. யாரோ அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறார். அந்த விரலுக்கு ஆள் தேடப் போய்த்தான் அம்சவல்லியைக் கண்டுபிடித்தேன்.

"1973-ஆம் ஆண்டு, விருத்தாசலத்தில் வெயில் மண்டையைப்..." என்று தொடங்கினேன். (வேண்டாம். வெயிலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

சரியான தொடக்கம் இதுதான்: அம்சவல்லியின் நூலகத்திலிருந்து ஓர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்.

2

விருத்தாசலத்துக் கிளை நூலகம் ஒன்றில் அவள் நூலகர். சென்னையில் நூலகப் பயிற்சி முடித்து வந்தவள். ஆய்வு முறைகள் என்ற பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியதை யார் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி சக்கரபாணி தொழில்நுட்ப அலமாரியின் முன் நின்றார். (இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. அவர் பேச்சில் நியாயம் இருந்தது.)

"இதுல ஒரு புத்தகத்தைக்கூட இந்த வருஷம் யாரும் எடுத்துட்டுப் போகலையேம்மா. பெண்ணாடத்துல சர்க்கரை ஆலைக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. அங்க அனுப்பிடலாம்."

"பீங்கான் கம்பெனி ஆளுங்க இங்கயே நின்னு படிக்கிறாங்க சார். வூட்டுக்குக் கொண்டு போனா புள்ளைங்க கிழிச்சிடும்னு பயம்."

"படிக்கிறாங்கன்னு எப்படித் தெரியும்?"

"நான்தான் பாக்கிறேனே சார்."

"உங்களுக்குப் புடிச்ச அலமாரி. நீங்க பாத்தா அப்படித்தான் தெரியும். அடுத்த மாசம் வரேன். எனக்கும் தெரியற மாதிரி காட்டுங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. எப்படித் தெரியும்? உலகத்து ஆய்வெல்லாம் அந்த இரண்டு சொல்லில்தான் தொடங்குகிறது.

3

முதலில் கேள்வித்தாள். மாலையில் பீங்கான் கம்பெனி விட்டு வருகிறவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டாள்.

"இந்த அலமாரியில எதைப் படிப்பீங்க?"

"எல்லாத்தையும் படிக்கிறதுதாங்க, லைப்ரரியம்மா" என்றார் சூளையில் வேலை பார்க்கும் கொளஞ்சியப்பன்.

"இதையுமா?"

"அதையுந்தாங்க."

அவள் காட்டியது தெலுங்குப் புத்தகம்.

இதைப் பொய் என்று சொல்லிவிடக் கூடாது. வந்தவர் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், பசியோடு இருப்பவனும் "ஆச்சு" என்பானே, அந்த மரியாதை. கேட்கிறவர் முகத்தைப் பார்த்து வரும் பதில். கேள்வித்தாளில் உள்ள பள்ளம் அதுதான். அம்சவல்லி அதில் விழுந்து எழுந்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல அலமாரியைத் துடைத்தாள். ஈரத்துணி வெள்ளையாக வந்தது. நாவல் அலமாரியைத் துடைத்தால் துணி கறுக்கும். இங்கே மட்டும் வெள்ளை. எவ்வளவு கழுவினாலும் விரல் இடுக்கில் தங்கிவிடும் பீங்கான் மண்.

அடடா. தினமும் காலையில் தன் ஆதாரத்தைத் தானே துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்!

4

இனி நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அந்த அலமாரியின் எல்லாப் புத்தகங்களையும் பக்கம் பக்கமாகச் சுத்தம் செய்தாள். பிறகு துணியைத் தொடவில்லை. ஆனால் இந்த ஊரில் மண் காற்றிலும் பறக்கிறது. "காத்துல வந்ததும்மா" என்று சக்கரபாணி சொன்னால்? அதற்கு ஓர் ஒப்பீடு வேண்டும். அதே அலமாரி, அதே காற்று, கை மட்டும் படாத ஒரு புத்தகம். பழைய ரயில் கால அட்டவணை ஒன்றை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிற்றால் கட்டி நடுவில் வைத்தாள். மற்றவற்றில் வெள்ளை இருந்து, இதில் இல்லாவிட்டால், வந்தது காற்று அல்ல, கை.

(எவ்வளவு அழகான ஏற்பாடு! எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.)

மாதக் கடைசியில் பிரித்துப் பார்த்தாள். பீங்கான் புத்தகத்தில், சூளையில் பாண்டம் ஏன் விரிசல் விடுகிறது என்னும் பக்கம் எழுத்தே மங்கும் அளவுக்கு வெளுத்திருந்தது. அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது. அடுத்து அட்டவணையின் கயிற்றை அவிழ்த்தாள்.

உள்ளே பக்கத்துக்குப் பக்கம் வெள்ளை விரல்கள். அவிழ்த்த முடிச்சும் அவள் போட்ட முடிச்சு அல்ல.

"அண்ணே, கட்டி வச்சிருந்ததை யாரு பிரிச்சது?"

"மொதல்ல நாந்தாங்க" என்றார் கொளஞ்சியப்பன். "அப்புறம் எல்லாருந்தான்."

"ஏண்ணே?"

"எல்லாப் புத்தகமும் தொறந்து கெடக்குது. இதை மட்டும் கட்டி வச்சா உள்ள என்னமோ இருக்குதுன்னுதான தோணும்? முட்டி மோதிக்கிட்டுப் படிச்சோங்க. கடைசில பாத்தா ரயிலு! அதுவும் இப்ப ஓடாத ரயிலு. இருந்தாலும் உங்க பொருளுன்னு மரியாதையா கட்டி வச்சிட்டோம்."

5

நாளை சக்கரபாணி வருகிறார். அட்டவணையை மட்டும் மறைத்துவிட்டால் ஆய்வு பளிச்சென்று இருக்கும்.

"அம்சவல்லி அதை எடுத்து மேசைக்கு அடியில்..."

(இதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. அவள் நகரவிடவில்லை.)

அறிக்கையின் கடைசியில் அவள் எழுதியது: "ஒப்பீட்டுக்காக வைத்த புத்தகம் கெட்டுவிட்டது. ஆகவே என் முடிவை நிரூபிக்கப்பட்டதாகக் கொள்ள முடியாது. யார் கையும் படாத ஒரு புத்தகத்தை இந்த நூலகத்தில் என்னால் உண்டாக்க முடியவில்லை. கட்டி வைத்தும் முடியவில்லை."

எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

6

ஒரு முடிவு: சக்கரபாணி அறிக்கையை இரண்டு முறை படிக்கிறார். அட்டவணையைப் புரட்டுகிறார். தன் விரலும் வெளுத்திருப்பதைப் பார்க்கிறார். "இருக்கட்டும்மா, இங்கயே இருக்கட்டும்" என்கிறார்.

இன்னொரு முடிவு: "ஒப்பீடு கெட்டா ஆய்வு கெட்டதும்மா, நீங்களே எழுதியிருக்கீங்க" என்கிறார். அலமாரி வண்டியேறுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியப்பனும் கூட்டாளிகளும் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறுகிறார்கள், விரிசல் பக்கத்தை விட்ட இடத்திலிருந்து படிக்க.

இரண்டிலும் அறிக்கையின் அந்தக் கடைசி வரிகள் மாறாது. அவள் தலையும் குனியாது.

உங்களுக்கு எது பிடித்தது என்று கேட்க மாட்டேன். கேட்டால் என் முகத்தைப் பார்த்து மரியாதையாக ஏதாவது சொல்லிவிடுவீர்கள். படித்துவிட்டு வைத்துவிட்டுப் போங்கள். எந்த முடிவின் ஓரத்தில் விரல் பதிந்திருக்கிறது என்று பிறகு வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இந்தப் பக்கத்தை நான் துடைக்கப் போவதில்லை.