சுவரில் இருந்த தேதிகள்

'வீட்டைக் கட்டிப் பார்' என்று சொன்ன மகராசன், 'வாங்கிப் பார்' என்று ஏன் சொல்லாமல் போனான் என்பதுதான் எனக்கு ஆத்திரம். சொல்லியிருந்தால் கொஞ்சமாவது யோசித்திருப்பேன்.

பதினேழு வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு. ஆணி அடிக்காதே, மாடிக்குப் போகாதே, பத்து மணிக்கு மேல் மோட்டார் போடாதே. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நான்தான் என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். அவர் பூச்சு வேலைக் கொத்தனார். சட்டைப்பையில் எப்போதும் சுவர் மட்டம் பார்க்கும் ஒரு குட்டி ரசமட்டம் இருக்கும், அதனால் வேலையிடத்தில் அவர் பெயரே ரசமட்டம்தான். அடுத்தவர் சுவரையெல்லாம் கண்ணாடி மாதிரி இழைத்துக் கொடுத்துவிட்டு, உப்புப் பூத்த வாடகைச் சுவருக்குள் வந்து படுப்பார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

இந்த ஊரில் சுரங்கத்தை மூடி இருபது வருஷமாகிறது. பாதி வீடுகள் காலி. எங்கள் கைக்கு எட்டும் விலையில் வீடு கிடைத்த ஒரே ஊர் இதுதான். மதியத்தில் தெருவில் ஒரு சைக்கிள் போனால்கூட யாரென்று எட்டிப் பார்க்கத் தோன்றும், அவ்வளவு அமைதி. எனக்கு ஊரின் ஒரே பல் ஆஸ்பத்திரியில் பெயர் எழுதும் வேலை கிடைத்தது. ஒன்பதாவது படிக்கும் மகளுக்குத் தனி அறை. போதாதா? தலைகால் புரியாமல் வாங்கிவிட்டோம்.

விற்றவர் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த பெரியவர். மகனோடு போய் இருக்கப்போகிறார். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"உள் ரூம் சுவத்த மட்டும் அப்படியே விட்டுடுங்க. அதுல கை வைக்காதீங்க."

அந்தச் சுவரில் மேல் மூலையிலிருந்து கோணலாக ஒரு வெடிப்பு இறங்கியிருந்தது. நூல் கனம்தான். அதன் மேல் வரிசையாகச் சின்னச் சின்னப் பென்சில் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. "பெரியவர் பல்லு விழுந்த தேதியா இருக்கும்," என்று சிரித்தேன். எனக்கு வாய் அப்படி.

"சம்சாரம் போய்ச் சேர்ந்த ரூமோ என்னவோ. பாவம், ஏதாவது ஞாபகம் இருக்கும்," என்றார் இவர்.

ஆனால் வெடிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இவருக்குக் கை வராது. சொறி பிடித்தவன் மாதிரி இரண்டு நாள் அந்த அறைக்கும் கூடத்துக்கும் நடந்தார். மூன்றாம் நாள் வெடிப்பைக் கொத்தி அகலமாக்கி, கலவை திணித்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, வெள்ளையடித்துவிட்டார். எங்கே வெடிப்பு இருந்தது என்று அவருக்கே அடையாளம் தெரியாது. மகளின் கட்டிலை அந்தச் சுவரோரம் போட்டோம். "கைன்னா இதுதாங்க கை," என்று நான் மெச்சினேன். ஆமாம், மெச்சினேன்.

நாலு மாசம் நிம்மதியாகப் போனது. ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு நர்ஸக்கா சர்க்கரை கேட்டு வந்தார். சுரங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஊசி போட்டவர், எதற்கும் பதறாதவர். உள் அறையை எட்டிப் பார்த்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எழுத்தெல்லாம் எங்கம்மா?"

"எந்த எழுத்துக்கா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். தெருவுக்கு அடியில் பழைய சுரங்கப்பாதை போகிறது. தரை மெல்ல இறங்குகிறது. இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் மாதம் முதல் தேதி, வெடிப்பு எதுவரை வந்திருக்கிறதோ அங்கே கோடு போட்டுத் தேதி எழுதுவார்கள். அஞ்சு வருஷத் தேதி சுவரில் இருந்தால், இன்னும் மூடாத சுரங்க ஆபீஸ் மேட்டுப்பக்கம் மாற்று வீடு கொடுக்கும். இந்தத் தெருவுக்கு முதல் தடவையாகத் திங்கட்கிழமைதான் அளக்க வருகிறார்கள்.

"உங்க சுவத்துல ஏழு வருஷம் இருந்துச்சு," என்றார். சர்க்கரை வாங்காமலே போனார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு வெள்ளையும் அடித்திருக்கிறோம்.

பெரியவருக்கு போன் போட்டேன். கண்டபடி திட்டத்தான் போட்டேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"கை வைக்காதீங்கன்னு சொன்னேனேம்மா."

"ஏன்னு சொன்னீங்களா?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?"

போனை வைத்தேன். வீட்டுத் தரகர் விளம்பரத்துக்கு எடுத்த போட்டோவாவது இருக்குமே என்று அவரிடம் ஓடினேன். இருந்தது. அந்தச் சுவருக்கு முன்னால் பெரிய பீரோ ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் போட்டோ எடுத்திருந்தார். "அப்பதானங்க ரூம் பாக்க லட்சணமா இருக்கும்," என்றார் அந்தப் புண்ணியவான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவர் தன் பூச்சைத் தானே கொத்தி எடுத்தார். வெடிப்பு உள்ளே பத்திரமாக இருந்தது. தேதி ஒன்றுகூட இல்லை.

"நாமளே எழுதிட்டா என்னங்க?" என்றேன்.

"புதுக் காரையில பழைய தேதியா? குருடன்கூடக் கண்டுபிடிப்பான்."

திங்கட்கிழமை அளக்க வந்தது சின்ன வயசுப் பெண். செருப்பை வெளியில் விட்டு வந்தாள், மரியாதையான பெண். அவளைத் திட்டவும் வழியில்லை. சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"இப்பத்தான் கொத்தியிருக்கீங்களேம்மா."

நடந்ததைச் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். அவள் வெடிப்பின் கீழ் நுனியில் அன்றைய தேதியைப் போட்டு, ஒரு அட்டையைக் கொடுத்தாள். மாதாமாதம் சுவரில் எழுதி, அட்டையிலும் எழுதி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அஞ்சு வருஷம் இன்றிலிருந்து.

"அதுக்குள்ள ரொம்ப இறங்கிட்டா?" என்றார் இவர்.

"ஒரே மாசத்துல வெடிப்பு ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல போனா வீட்டுக்கு சீல் வெச்சிடுவோம் சார். அன்னைக்கே காலி பண்ணணும்."

"மாத்து வீடு?"

அவள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அஞ்சு வருஷப் பதிவு இருந்தால் மட்டும் என்று அதில் அச்சடித்திருந்தது.

"நாங்க வேற எங்கம்மா போறது?" என்றேன். அவள் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மாற்று வீடு கிடைத்தவர்கள் கிளம்பக் கிளம்ப, தெரு காலியாக ஆரம்பித்தது. நர்ஸக்கா போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார், லாரிக்காரன் ஹாரன் அடித்ததால் போய்விட்டார். வீட்டை விற்கலாம் என்றால், வாங்க வருகிறவனிடம் என்ன சொல்வது? சொல்லாமல் விற்க எனக்கு வாய் வரும், இவருக்கு வராது. மகளின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். முதல் மாசம் அரை சென்டிமீட்டர். இரண்டாம் மாசம் அரை. நல்ல வெடிப்பு, அடக்கமான வெடிப்பு என்று அதைக் கொஞ்சக்கூட ஆரம்பித்தேன். இப்படியே ஒழுங்காக அஞ்சு வருஷம் இருந்துவிட்டால் போதும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். சொந்த வீடு நின்று நிதானமாக இடியட்டும் என்று வேண்டிக்கொண்ட பொம்பளை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்று முதல் தேதி. காலையில் இவர் அளவுநாடாவோடு உள் அறைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். வெடிப்பு போன மாசக் கோட்டைத் தாண்டி, ஜன்னல் சட்டம் வரை வந்திருந்தது. நாடாவை இவர் இன்னும் சுவரிலிருந்து எடுக்கவில்லை. நாலு சென்டிமீட்டர். கூடத்தில் மகள் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

இவர் தரையில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுதினால் இன்றைக்கே தெருவில். எழுதாவிட்டால் மூணு பேரும் இதற்குள்ளேயே படுக்க வேண்டும்.

"நீயே சொல்லு," என்றார். "எழுதவா, வேணாமா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் வாய் என்று ஊரெல்லாம் பேர் எனக்கு. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.