போட்டோ எடுத்தது யாரு?

ஏழு மணிக்கு அன்பியம். கல்மண்டபத்து அந்தத் தெருவின் மாதாந்திர ஜெபக்கூட்டம் இந்த முறை ஹில்டா வீட்டில். பதினைந்து இருபது பேர் வந்துவிடுவார்கள். அதற்குள் ஹில்டாவின் மகள் ஜூடியின் விவகாரத்தை முடித்துவிட வேண்டுமென்று அவளுடைய தாய்மாமா செல்வநாதன் முன்னதாகவே வந்து, வாடகை நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். கதவை ஒருக்களித்துச் சாத்தியாயிற்று.

"யாரு கூட போன?"

"ஒண்டியா தான் போனேன் மாமா."

"ஆபீஸ் பொண்ணுங்களோடன்னு இல்ல சொல்லிட்டுப் போன?"

அது பொய்தான். கூட வேலை பார்க்கும் மெஹ்னாஸும் வருகிறாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினாள். அடுத்த நாளே அந்த மெஹ்னாஸை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வாசலில் வைத்துப் பார்த்துவிட்டான் தம்பி ஜோ. தனியாகப் போகிறேன் என்றால் விடமாட்டார்கள். அதனால் பொய் சொன்னாள். இப்போது உண்மையைச் சொன்னால் அதுதான் பொய்யாகத் தெரிகிறது.

மாமா தன் போனை நீட்டினார். ஜூடி ஸ்டேட்டஸில் வைத்த படம். மாமா, அம்மா, தம்பி மூவருக்கும் தெரியாதபடி மறைத்துத்தான் வைத்தாள். அன்பியத் தலைவி லூர்து ஆன்ட்டியை மறந்துவிட்டாள். ஆன்ட்டி பார்த்தார், பார்த்ததைத் தனக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

படத்தில் கோவளம் பக்கத்து ரிசார்ட்டின் நீச்சல்குளம். அதன் கரையில் ஜூடி, முழு உருவமாக, சிரித்துக்கொண்டு. பக்கத்து மேசையில் இரண்டு கப் காபி.

"ஒண்டியா போன. செரி. போட்டோ எடுத்தது யாரு?"

"டைமர். செருப்பு மேல போன சாய்ச்சு வெச்சு எடுத்தேன்."

"ரெண்டாவது கப்பு? அதுவும் டைமரா?" என்றான் ஜோ.

"அங்க எல்லாமே ரெண்டா தான்டா வெக்கிறாங்க. தலகாணி ரெண்டு, செருப்பு ரெண்டு, பல் வெளக்குற பிரஷ்ஷு கூட ரெண்டு. ஒருத்தி மட்டும் வருவான்னு அவனுங்களுக்கும் தோணல, ஒனக்கும் தோணல."

"கடலப் பாக்கவா அவ்ளோ தூரம் போன?" என்றார் மாமா. "நம்ம வூட்டு பின்னால இன்னா ஓடுது, கூவமா?"

ஜூடிக்குச் சுரீரென்று வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருப்பது கடல்தான். இருபத்து நான்கு வருடமாக அந்தக் கடலில் அவள் முழங்கால் நனைந்ததில்லை. கரை முழுக்கப் பாறாங்கல். கல்லுக்கு அந்தப் பக்கம் டீசல் மிதக்கும். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி, திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டு ஆபீசில் நாளெல்லாம் லாரிக்காரர்களோடு கத்தி, பணம் சேர்த்து வைத்துப் போனாள். மூன்று ராத்திரி எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டலில். திரும்பும் வழியில் ஒரு ராத்திரி மட்டும் அந்த ரிசார்ட்டில். கல் இல்லாத கடலில் கழுத்துவரை நின்றாள். இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அதற்கும் சாட்சி கேட்பார்.

"பேச்ச வளக்காத. கொச்சி வேல வேணாம். நாளிக்கி ஆபீசுல சொல்லிடு."

இதற்குத்தான் இத்தனையும் என்று ஜூடிக்கு உள்ளூரத் தெரிந்தே இருந்தது. கம்பெனி அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்து அடுத்த மாதம் கொச்சிக் கிளைக்கு அனுப்புகிறது. ஒரு படத்தால், ஒரு காபி கப்பால் அது போகப்போகிறது. அப்பா செத்ததிலிருந்து இந்த வீட்டில் மாமா வேண்டாம் என்றது எதுவும் நடந்ததில்லை.

"இரு மாமா, கேட்டுடலாம்" என்று ஜோ நெட்டில் நம்பர் தேடி, முதலில் புதுச்சேரி ஹாஸ்டலுக்குப் போட்டான். ஸ்பீக்கரில் ஒரு குரல் உற்சாகமாகக் கொட்டியது.

"ஜூடி அக்காவா? ஆமாண்ணா, தனியா தான் வந்தாங்க. லேடீஸ் ரூம்ல மேல் பெட்டு. சார்ஜர விட்டுட்டுப் போய்ட்டாங்க, கொரியர்ல அனுப்பவான்னு கேளுங்கண்ணா."

ஹில்டாவின் முகம் லேசாகத் தெளிந்தது. மாமாவின் முகம் தெளியவில்லை.

"அது சத்திரம். பங்களாவுக்குப் போடு."

ரிசார்ட்டில் ஒரு பெண் எடுத்தாள். குரலே ஏ.சி.யில் வைத்து எடுத்தது போலிருந்தது.

"மன்னிக்கணும் சார். எங்க விருந்தினர் பற்றி வெளியில யாருக்கும் சொல்றதில்ல."

"நான் அவ மாமாம்மா."

"புரியுது சார். யாரோட வந்தாங்க, தங்கினாங்களா இல்லையான்னு எதுவும் சொல்ல முடியாது. அவங்களே பேசினா சொல்றோம்."

மாமா மெல்லச் சிரித்தார். "பாத்தியா ஹில்டா. மறைக்கிறாங்க."

ஜோ போனை ஜூடியிடம் நீட்டினான். பெயரைச் சொன்னால் போதும். ஒருவர் மட்டும் தங்கினார் என்று அந்தப் பெண் எல்லாரும் கேட்கச் சொல்லிவிடுவாள். கொச்சி அவள் கைக்கு வந்துவிடும்.

வெளியே தெருவில் பேச்சுச் சத்தம் நெருங்கியது. ஜூடி போனை வாங்கினாள். அவள் வாய் திறப்பதற்குள் மாமா விரலை நீட்டினார்.

"இனிமே எங்க போனாலும் இப்டி தான். நாங்க போன் போடுவோம், அங்க இருக்கிறவன் சொல்லணும்."

ஜூடி அவரைப் பார்த்தாள். பிறகு போனில், "ஒண்ணும் சொல்ல வேணாங்க, நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"அக்கா" என்றான் ஜோ. அவள் வைத்துவிடுவாள் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

"ஒண்டியா போனேன்னு எத்தினி வாட்டி சொல்றது? ஓட்டல்காரி வாயால வந்தா தான் நம்புவீங்கன்னா, நம்பவே வேணாம். கொச்சிக்குப் போறேன். நான் யார்னா கூட போயிருந்தாலும் போவேன்."

கடைசியாகச் சொன்னது கூடுதல். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மாமா எழுந்துவிட்டார்.

"கேட்டியா? இத்த நீ அனுப்பினா நான் இந்த வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன். சொல்லு ஹில்டா."

ஹில்டா மெழுகுவத்தியை நிறுத்த வைத்த சொம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

"ஏண்டி," என்றாள் ஜூடியிடம், "அம்மாம் பெரிய ரூமுல ஒண்டியா படுத்தியே. பயமா இல்ல?"

சாயங்காலத்திலிருந்து இந்த வீட்டில் கேட்டதில் இது ஒன்றுதான் கேள்வி.

"இருந்திச்சும்மா. லைட்ட அணைக்கவே இல்ல."

செல்வநாதன் தங்கையைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அவர் கதவைத் தள்ளித் திறந்து, படியேறி வந்துகொண்டிருந்த லூர்து ஆன்ட்டியை இடிக்காத குறையாக இறங்கிப் போனார். ஆன்ட்டிக்குப் பின்னால் மொத்தத் தெருவும் நின்றது.

"இன்னா ஹில்டா, அண்ணன் ஜெபத்துக்கு இல்லாம போறாரு?"

இரத்த அழுத்தம், வேலை, அவசரம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஜூடி அதைத்தான் எதிர்பார்த்தாள். அதற்குத் தலையாட்டவும் தயாராக இருந்தாள்.

"கோச்சுக்கினு போறாரு" என்றாள் ஹில்டா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "எம் பொண்ணு ஒண்டியா ஊர் சுத்திட்டு வந்தா. அடுத்த மாசம் ஒண்டியா கொச்சிக்குப் போறா. அதுக்கு."

படியில் நின்றவர்கள் படியிலேயே நின்றார்கள். இருபது முகமும் ஜூடியின் பக்கம் திரும்பின. அவள் நாற்காலிகளைப் பிரித்துப் போட ஆரம்பித்தாள்.

"உள்ள வாங்க ஆன்ட்டி," என்றாள். "உக்காருங்க."